மில்லி விநாடியை விழுங்காத விரிதாள் எது? எக்செல், கால்க், ஷீட்ஸ்: கரையோரத் தேவைக்கு ஒரு மதிப்பீடு

சிஎஸ்வி ஃபைலில் (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) 10:15:23.456 என்று இருக்கிறது. அதை டபுள் கிளிக் செய்து எக்செலில் திறந்தால் செல்லில் 15:23.5 என்று நிற்கிறது. பத்து மணியைக் காணோம், பின்னத்தில் இரண்டு இலக்கத்தையும் காணோம். ஃபார்முலா பாரைப் பார்த்தால் அங்கே மணி இருக்கிறது, பின்னமே இல்லை. இந்த மூன்றில் எது உண்மை என்று தெரியாமல் பலர் 'சேவ்' அழுத்திவிடுகிறார்கள். இழப்பு நடப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான், திறந்ததால் அல்ல.

தொண்டியிலிருந்து மண்டபம், பாம்பன், கீழக்கரை, மூக்கையூர் வரை விநாடியின் பின்னம் தேவைப்படும் வேலைகள் நினைப்பதைவிட அதிகம். பாய்மரப் படகுப் போட்டியில் வத்தைப் படகில் வைத்த ஜிபிஎஸ் பதிவு, தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்துபவரின் தடப்பதிவு, பாலத்திலோ படகு என்ஜினிலோ அதிர்வு அளக்கும் கருவி, எதிரொலியால் ஆழம் பார்க்கும் கருவி என்று எல்லாமே சிஎஸ்வியாகத்தான் கைக்கு வருகின்றன. கடைசியாகச் சொன்னதில் பின்னம் போனால் ஒன்றுமே மிஞ்சாது. கடல்நீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் போகும். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். 10 மீட்டர் தண்ணீரில் ஒலி அடியைத் தொட்டுத் திரும்ப 13.3 மில்லி விநாடிதான் ஆகும். விநாடியோடு நிறுத்திக்கொள்ளும் விரிதாளில் மொத்தக் கடலும் ஆழம் பூஜ்யம்.

மூன்று விரிதாளையும் எடைபோட ஒரே சோதனை போதும். நோட்பேடில் 10:15:23.456 என்று ஒரு வரி எழுதி சிஎஸ்வியாகச் சேமியுங்கள். விரிதாளில் திறந்து, அந்தச் செல்லைச் சாதாரண எண்ணாக மாற்றி, ஒன்பது தசம இலக்கம் காட்டச் சொல்லுங்கள். 0.427354815 வந்தால் பின்னம் உயிரோடு இருக்கிறது. 0.427349537 வந்தால் போய்விட்டது. எண் மாறவே இல்லையென்றால் உள்ளே இருப்பது எழுத்து, நேரமல்ல. திரையில் தெரியும் மணி நிமிடத்தை நம்பாமல் இந்த எண்ணை மட்டும் நம்புங்கள்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? மூன்று விரிதாளிலும் ஒரு நாள் என்பது 1. ஒரு விநாடி 86400-இல் ஒரு பங்கு. ஒரு மில்லி விநாடி 0.0000000116 போல ஒரு சிறுதுகள். தேதியும் சேர்ந்தால் முன்னால் ஐந்து இலக்கம் ஏறிக்கொள்ளும். 2025 மார்ச் 15 என்பது 45731. எக்செல் காட்டும் பதினைந்து இலக்கத்தில் ஐந்து தேதிக்குப் போனால் மீதி பத்து. அந்தக் கடைசி இலக்கத்தின் மதிப்பு 8.64 மைக்ரோ விநாடி. ஆகவே மில்லி விநாடிக்கு எந்தக் குறையும் இல்லை. மைக்ரோ விநாடி வேண்டுமென்றால் தேதியை ஒரு நெடுவரிசையிலும், அந்த நாளுக்குள் கடந்த விநாடிகளை வெறும் எண்ணாக இன்னொன்றிலும் வைக்க வேண்டும். சேமிப்பில் கோளாறு இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். கோளாறெல்லாம் வாசலில்தான்: உள்ளே வரும்போது, வெளியே போகும்போது.

எக்செலை முதலில் எடுத்துக்கொள்வோம், அதில்தான் குழி அதிகம். டபுள் கிளிக்கில் திறக்கும்போது அது எதையும் கேட்பதில்லை. பின்னம் உள்ள நேரத்தைக் கண்டதும் நிமிடம், விநாடி, ஓர் இலக்கம் என்ற ஃபார்மேட்டைத் தானே போட்டுவிடுகிறது. மதிப்பு உள்ளே முழுதாகவே இருக்கும். ஆனால் எக்செல் சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது திரையில் தெரிவதைத்தான் எழுதும். 15:23.5 என்று தெரிந்தால் ஃபைலில் 15:23.5 என்றே போகும். மறுபடி திறந்தால் அது பதினைந்து நிமிடம் இருபத்துமூன்றரை விநாடி. மூல ஃபைலின் மேலேயே சேமித்திருந்தால் மீட்க வழியில்லை. அங்கிருந்து நகலெடுத்து நோட்பேடிலோ வாட்ஸ்அப்பிலோ ஒட்டினாலும் இதே கதிதான்.

இரண்டாவது குழி எஃப்2 விசை. செல்லுக்குள் நுழைந்து எதையும் மாற்றாமல் என்டர் அடித்தாலும் ஃபார்முலா பாரில் தெரியும் 10:15:23 புதிய மதிப்பாகப் பதிந்து, பின்னம் போய்விடும். தவறுதலாக ஒரு செல்லில் டபுள் கிளிக் செய்துவிட்டால் எஸ்கேப் அழுத்தி வெளியே வாருங்கள், என்டர் வேண்டாம்.

மூன்றாவது குழிதான் போட்டி நேரங்களைக் கெடுப்பது. 12:40.25 என்ற பதிவை எக்செல் பன்னிரண்டு நிமிடம் நாற்பதே கால் விநாடி என்று எடுத்துக்கொள்ளும். அதே நெடுவரிசையில் அடுத்த ஆள் சரியாக 12:41-க்கு வந்து, கருவி பின்னத்தை எழுதாமல் விட்டிருந்தால், அது பன்னிரண்டு மணி நாற்பத்தொரு நிமிடம் ஆகிவிடும். முடிவுப் பட்டியலில் ஒருவர் மட்டும் அரை நாள் தாமதமாக வந்திருந்தால் ஆளைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள். மூலத்திலேயே 00:12:41.00 என்று மணியும் பின்னமும் எப்போதும் எழுதும்படி கருவியை அமைப்பதுதான் மருந்து.

எக்செலில் சரியான வழி என்று ஒன்று இருக்கிறது, நல்ல வழியும்கூட. ஃபைலை நேராகத் திறக்காமல் வெற்றுத் தாளைத் திறந்து, டேட்டா மெனுவில் ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி எடுங்கள். முன்னோட்டத்தின் மேலே வகை கண்டறிவதற்கான பட்டியல் இருக்கும். வழக்கமாக அது முதல் 200 வரியை வைத்து முடிவு செய்யும். அதை 'டு நாட் டிடெக்ட் டேட்டா டைப்ஸ்' என்று மாற்றினால் எல்லாம் எழுத்தாகவே வரும். தலைப்பு வரியும் ஒரு சாதாரண வரியாக இறங்கும், அதைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம். 200 வரிக் கணக்கை ஏன் நம்பக் கூடாது? கடந்த விநாடிகளை எழுதும் பதிவில் முதல் 200 வரியும் முழு எண்ணாக இருந்துவிட்டால், நெடுவரிசைக்கு முழு எண் வகை விழும். பின்னால் வரும் பின்னங்களெல்லாம் முழு எண்ணாக உருண்டுவிடும், எந்த எச்சரிக்கையும் இல்லாமல். இந்த இறக்குமதியைச் செய்யும் பவர் குவெரி என்ற உட்கருவிக்குள்ளேயே நேரமாக மாற்ற விரும்புபவர்கள், தாளில் இறக்கும் முன் அதைத் தசம எண்ணாக்கி இறக்குங்கள். எண்ணாக வந்ததை ஃபார்மேட் எதுவும் செய்யாது.

காட்சிக்கான ஃபார்மேட்டைக் கஸ்டமில் கையால்தான் எழுத வேண்டும்: எச் இரண்டு, எம் இரண்டு, எஸ் இரண்டு, இடையிடையே முக்காற்புள்ளி, கடைசியில் ஒரு புள்ளியும் மூன்று பூஜ்யமும். நான்காவது பூஜ்யத்தை எக்செல் ஏற்காது. 24 மணியைத் தாண்டும் கூட்டுத்தொகைக்கு எச்சைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள்.

ஃபார்முலாக்களில் இரண்டை ஒதுக்கிவைக்கலாம். டைம் ஃபங்ஷன் மணி, நிமிடம், விநாடி மூன்றையும் முழு எண்ணாகத்தான் எடுத்துக்கொள்ளும், 23.456 கொடுத்தால் 23. செகண்ட் ஃபங்ஷனோ எக்செலில் அருகிலுள்ள முழு விநாடிக்கு உருட்டும், 23.6-க்கு 24 தரும். இவற்றை வைத்து நேரத்தைப் பிரித்து மறுபடி சேர்ப்பவர்களுக்குச் சில வரிகளில் ஒரு விநாடி கூடியிருக்கும், எல்லா வரியிலும் பின்னம் போயிருக்கும். எழுத்தாக வந்த நேரத்தை இப்படிச் சேருங்கள்: முதல் இரண்டு எழுத்தை 3600-ஆல் பெருக்கி, நான்காம் எழுத்திலிருந்து இரண்டை 60-ஆல் பெருக்கி, ஏழாம் எழுத்திலிருந்து மீதி எல்லாவற்றையும் எண்ணாக்கி, மூன்றையும் கூட்டி 86400-ஆல் வகுக்க வேண்டும். எங்கும் வேலை செய்யும் கணக்கு இது. எழுத்தை வெறுமனே ஒன்றால் பெருக்கினாலும் எக்செல் நேரமாக்கிவிடும். ஆனால் கணினியின் வட்டார அமைப்பில் தசமத்துக்குப் புள்ளி இல்லாமல் காற்புள்ளி இருந்தால் அது சறுக்கும். நீளமான வழியே மேல்.

லிப்ரே ஆபீஸ் கால்க் இந்த ஒரு வேலையில் எக்செலைவிட ஒரு படி மேலே நிற்கிறது. காரணம் எளிது. சிஎஸ்வியை எப்படித் திறந்தாலும் அது முதலில் ஒரு பெட்டியைக் காட்டிக் கேட்கிறது. அந்தப் பெட்டியில் கவனிக்க வேண்டியவை மூன்று. மொழியில் ஆங்கிலம், இந்தியா என்று வையுங்கள். தேதி வரிசையும் தசமப் புள்ளியும் அதைப் பொறுத்தவை. 'டிடெக்ட் ஸ்பெஷல் நம்பர்ஸ்' என்ற தெரிவின் டிக்கை நீக்கிவிட்டால் சாதாரண எண்கள் மட்டும் எண்ணாகும், தேதியும் நேரமும் எழுத்தாகவே தங்கும். அது வேண்டாமென்றால் கீழே முன்னோட்டத்தில் நேர நெடுவரிசையின் தலையைக் கிளிக் செய்து வகையை டெக்ஸ்ட் ஆக்குங்கள். மற்ற நெடுவரிசைகள் பாதிக்கப்படாது. எழுத்தாக வந்ததன் முன்னால் உள்ளீட்டு வரியில் ஒற்றை மேற்கோள் தெரியும். அது ஃபைலில் இல்லை, பயப்பட வேண்டாம்.

கால்க் விநாடிக்குப் பின் மூன்று இலக்கத்துக்கு மேலும் காட்டும். அதிர்வுப் பதிவு பார்ப்பவர்களுக்கு இது பெரிய உதவி. 'சேவ் ஆஸ்' எடுத்து, 'எடிட் ஃபில்டர் செட்டிங்ஸ்' டிக் செய்து சேமிக்கும்போதும் பெட்டி வரும். அதில் 'திரையில் தெரிவதுபோலச் சேமி' என்ற பொருளில் ஒரு தெரிவு முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருக்கும். எக்செல் கேட்காமல் செய்வதைக் கால்க் கேட்டுச் செய்கிறது, அவ்வளவுதான். டிக்கை எடுக்காவிட்டால் இங்கேயும் ஃபார்மேட்டில் உள்ள இலக்கம் மட்டுமே போகும். குறை என்று சொன்னால், போன தடவை கொடுத்த அமைப்பைப் பெட்டி நினைவில் வைத்திருக்கும். நேற்று டேப் பிரிப்பு, இன்று காற்புள்ளி பிரிப்பு என்றால் பார்க்காமல் ஓகே அடிப்பவர் மாட்டிக்கொள்வார். பெரிய ஃபைலில் எக்செலைவிட மெதுவாக நகரும் என்பதும் உண்டு.

கூகுள் ஷீட்ஸின் பலம் பகிர்வு. கரையில் ஒருவர், அலுவலகத்தில் ஒருவர் ஒரே தாளைப் பார்க்க வேண்டுமென்றால் அதுதான். ஃபைல் மெனுவில் இம்போர்ட் எடுத்து, ஃபைலை ஏற்றியதும் வரும் பெட்டியில் எழுத்தை எண், தேதி, ஃபார்முலாவாக மாற்றும் தெரிவு டிக்கோடு இருக்கும். அதை எடுத்துவிட்டு இறக்குங்கள். பிறகு ஸ்ப்ளிட் ஃபங்ஷனால் முக்காற்புள்ளியில் வெட்டினால் 10, 15, 23.456 என்று மூன்று எண்ணாகப் பிரியும். மேலே சொன்ன 3600, 60, 1 கணக்குப் போட்டு 86400-ஆல் வகுத்தால் நேரம் கிடைக்கும். வரிசை முக்கியம். ஏற்கெனவே நேரமாக மாறிவிட்ட செல்லை ஸ்ப்ளிட் செய்தால் அது திரையில் தெரியும் எழுத்தைத்தான் வெட்டும், பின்னம் தெரியாவிட்டால் பின்னம் வராது. கஸ்டம் ஃபார்மேட்டில் மில்லி விநாடி வரை காட்டலாம். நெட் இல்லாத இடத்தில் இதை நம்பிப் போகாதீர்கள். தனுஷ்கோடி பக்கம் சில நேரம் ஃபோன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். நல்லவேளையாக அங்கேயும் இங்கேயும் நேரம் ஒன்றுதான், யுடிசி என்ற உலகப் பொது நேரத்திலிருந்து ஐந்தரை மணி முன்னே.

அந்த ஐந்தரை மணியில்தான் ஜிபிஎஸ் பதிவின் சிக்கல் தொடங்குகிறது. ஜிபிஎஸ் கருவிகள் எழுதும் என்எம்இஏ என்ற அமைப்பின் வரிகளில் நேரம் 044523.456 என்று முக்காற்புள்ளி இல்லாமல், யுடிசியில் வரும். விரிதாள் அதை எண் என்று நினைத்து முன் பூஜ்யத்தைத் தின்றுவிடும்: 44523.456. இடப்பக்கத்திலிருந்து இரண்டிரண்டாக வெட்டுபவருக்கு 44 மணி கிடைக்கும். இது எப்போதாவது நடப்பதல்ல. நம் நேரம் காலை 5.30 முதல் பிற்பகல் 3.30 வரை யுடிசி மணி ஓர் இலக்கம்தான். கரையில் பகலில் செய்யும் வேலை பெரும்பாலும் அதற்குள் விழுந்துவிடும். எழுத்தாக இறக்கினால் பிரச்சினையே இல்லை. எண்ணாக வந்துவிட்டாலும் தப்பிக்கலாம்: 10000-ஆல் வகுத்த முழுப்பகுதி மணி; 10000-ஆல் வகுத்த மீதியை 100-ஆல் வகுத்த முழுப்பகுதி நிமிடம்; 100-ஆல் வகுத்த மீதி, பின்னத்தோடு, விநாடி. மூன்றையும் முன்போல 86400 கணக்கில் நாளின் பின்னமாக்கி, கடைசியில் 5.5-ஐ 24-ஆல் வகுத்துக் கூட்டுங்கள். இரவுத் தொழிலுக்குப் போன படகின் பதிவு என்றால் நம் நள்ளிரவு யுடிசியில் 18:30. கூட்டியது 1-ஐத் தாண்டும், தேதியையும் ஒன்று ஏற்ற வேண்டும். மேலே உள்ள எடுத்துக்காட்டு 10:15:23.456 ஆகத் திரும்பி வந்தால் உங்கள் ஃபார்முலா சரி.

சில கருவிகள் 2025-03-15 என்று எழுதி, டி என்ற எழுத்துப் போட்டு, நேரத்துக்குப் பின் இசட் போடும். எக்செல் இதை நேரமாக ஏற்காது, எழுத்தாக விட்டுவிடும். அது நல்லதுதான், எதுவும் கெடவில்லை. டியை இடைவெளியாக மாற்றி, இசட்டை நீக்கி, ஐந்தரை மணியைக் கூட்டினால் போதும். இன்னும் சில 1742013923456 என்று பதின்மூன்று இலக்கம் தரும். 1970 ஜனவரி 1 முதல் கடந்த மில்லி விநாடிகள். 86400000-ஆல் வகுத்து 25569-ஐக் கூட்டினால் யுடிசி தேதி நேரம் வரும், பிறகு ஐந்தரை மணி. எக்செலின் ஜெனரல் ஃபார்மேட்டில் இது 1.74201E+12 என்று அடுக்குக் குறியில் சுருங்கித் தெரியும்போது சிஎஸ்வியாகச் சேமித்தால் கடைசி இலக்கங்களெல்லாம் காலி. பதினாறு இலக்க மைக்ரோ விநாடியை எக்செல் எண்ணாக வாங்கினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், பதினைந்துக்கு மேல் அதற்குக் கொள்ளளவு இல்லை. எழுத்தாக வாங்கி, முதல் பத்தையும் கடைசி ஆறையும் தனித்தனியே வெட்டுங்கள்.

கல்லூரிப் பிள்ளைகள் ஆர்டுயினோ என்ற சிறு நிரல் பலகையில் செய்யும் பதிவுக் கருவிகளில் ஒரு தவறு திரும்பத் திரும்ப வருகிறது, எந்த விரிதாளும் அதைக் கண்டுபிடிக்காது. மில்லி விநாடி 7 என்றால் நிரல் 23.7 என்று எழுதிவிடுகிறது. எழுத வேண்டியது 23.007. விரிதாளுக்கு அது 700 மில்லி விநாடி. அறிகுறி தெளிவானது: நேரம் முன்னும் பின்னும் குதிக்கும், பின்னத்தின் நீளம் வரிக்கு வரி ஒன்று, இரண்டு, மூன்று என்று மாறும். நிரலில் மூன்று இடத்துக்குப் பூஜ்யம் நிரப்பச் சொல்வதே சரியான தீர்வு. பழைய ஃபைல் என்றால் எழுத்தாக இறக்கி, புள்ளிக்குப் பின் உள்ளதைத் தனி எண்ணாக்கி 1000-ஆல் வகுத்துச் சேர்க்கலாம். புள்ளிக்குப் பதிலாக மூன்றாவது முக்காற்புள்ளி போடும் கருவிகளுக்கும் இதே சிகிச்சை.

வித்தியாசம் கணக்கிடும்போது நாளின் பின்னமாக விடாமல் 86400-ஆல் பெருக்கி, மூன்று இலக்கத்துக்கு ரவுண்ட் செய்யுங்கள். செய்யாவிட்டால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு நேரங்கள் பதின்மூன்றாம் இலக்கத்தில் வேறுபட்டு, சமநிலையில் வந்த இரு படகுகளுக்கு முதலிடமும் இரண்டாமிடமும் கொடுத்துவிடும். அதன் பிறகு கரையில் சமாதானம் பேசுவது விரிதாளின் வேலை இல்லை. எக்செலில் வித்தியாசம் எதிர்மறையானால் நேர ஃபார்மேட்டில் செல் முழுக்க #### தெரியும். விநாடியாகப் பெருக்கியிருந்தால் கழித்தல் குறியோடு ஒழுங்காகத் தெரியும். ஒரு சிறு அறிவுரை: கொடியைப் பார்த்துக் கையால் ஸ்டாப்வாட்ச் அழுத்திய நேரத்துக்கு மூன்று இலக்கம் காட்டாதீர்கள். விரலின் தாமதமே விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். ஆறு நாட் வேகத்தில் போகும் வத்தை அதற்குள் அரை மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். மில்லி விநாடி கருவிப் பதிவுக்கு. கைப்பதிவுக்கு ஓர் இலக்கமே நேர்மையானது.

அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். எக்செலிலும் கால்க்கிலும் ஒரு தாளுக்கு 10,48,576 வரி. விநாடிக்குப் பத்துப் பதிவு எழுதும் ஜிபிஎஸ் 29 மணி நேரத்தில் அதை நிரப்பும். விநாடிக்கு நூறு எழுதும் அதிர்வுக் கருவி மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. ஷீட்ஸில் மொத்தம் ஒரு கோடி செல், நெடுவரிசை கூடக் கூட வரி குறையும்.

காசும் ஒரு கணக்கு. கால்க் முழுக்க இலவசம், நெட் வேண்டாம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். ஷீட்ஸுக்குக் கூகுள் கணக்கு போதும். எக்செல் கணினிப் பதிப்புக்குப் பணம் கட்ட வேண்டும். பவர் குவெரி தெரிந்தவருக்கு அந்தப் பணம் தகும், டபுள் கிளிக் மட்டும் தெரிந்தவருக்குத் தகாது. தினமும் ஒரே அமைப்பில் ஃபைல் வருகிறது, அதே சுத்திகரிப்பைத் தினமும் செய்ய வேண்டும் என்றால் எக்செல். ஒரு தடவை அமைத்துவிட்டால் ரிஃப்ரெஷ் அழுத்தினால் போதும். கருவிக்குக் கருவி மாறும் ஃபைல்களைத் திறந்து பார்க்க வேண்டியவர்களுக்குக் கால்க். முடிவுப் பட்டியலை ஊர் கமிட்டியோடு பகிர ஷீட்ஸ், அதுவும் கணக்கு முடிந்த விநாடி எண்களை மட்டும் ஏற்றி. எதில் செய்தாலும் கருவியிலிருந்து வந்த ஃபைலைப் ப்ராப்பர்ட்டீஸில் ரீட்-ஒன்லி ஆக்கி வேறு ஃபோல்டரில் ஒன்று வைத்துவிட்டு, நகலைத் திறங்கள்.